தோட்டத்துப் பறவைகளும் ஊரார் இட்ட பெயர்களும்

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

1. நாள்தோறும் காணும் பறவைகளைத் தமிழ்ப் பெயரால் அழைக்கக் கற்றல்.
2. பெயர்கள் எக்காரணம் பற்றி அமைகின்றன என்பதை அறிதல்.
3. ஒரே பறவைக்குத் தமிழரும் வங்காளியரும் இட்ட பெயர்களை ஒப்பிட்டு மகிழ்தல்.

நுழையும்முன்

கொல்கத்தாவில் ஒரு மாடி வீடு. சன்னல் கம்பியில் பழுப்பு நிறப் பறவை ஒன்று வந்து அமர்கிறது. அதன் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல், காலும் மஞ்சள். வீட்டுப் பிள்ளை அதனை 'ஷாலிக்' என்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி 'மைனா' என்கிறார். பழந்தமிழ் நூல்களைப் புரட்டினால் அதே பறவைக்கு 'நாகணவாய்', 'பூவை' என்னும் பெயர்கள் கிடைக்கின்றன. பறவை ஒன்றே, பெயர்கள் நான்கு. இவற்றுள் எது சரியான பெயர் என்று கேட்பதைவிட, ஒவ்வொரு பெயரும் அப்பறவையைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பது பயன்தரும். அக்கேள்விக்கு விடை தேடுவதே இப்பாடம்.

1. பெயரும் காரணமும்

தமிழ் இலக்கணம் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரண்டாகப் பிரிக்கிறது. காரணம் எதுவும் புலப்படாமல், முன்னோர் இட்டு வழங்கியவாறே வழங்குவது இடுகுறிப்பெயர். மண், மரம் என்பன அத்தகையவை. ஏதேனும் ஒரு காரணம் பற்றி வழங்குவது காரணப்பெயர். பறப்பதனால் 'பறவை' எனப் பெயர் பெற்றது. பறக்கும் எல்லா உயிர்க்கும் பொதுவாதலின் இது காரணப் பொதுப்பெயர். மரத்தைக் கொத்துவதனால் 'மரங்கொத்தி' எனப் பெயர் பெற்றது. ஒரு பறவையை மட்டும் சிறப்பாகக் குறித்தலின் இது காரணச் சிறப்புப்பெயர்.

வங்காளத்தில் பறவையைப் 'பாக்கி' என்பர். அது 'பட்சி' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. 'பட்சம்' என்றால் சிறகு, சிறகுடையது பட்சி. தமிழர் அவ்வுயிரின் தொழிலைக் கண்டு பெயரிட்டனர். வடமொழியாளர் அதன் உறுப்பைக் கண்டு பெயரிட்டனர். இரண்டும் காரணப்பெயர்களே. ஆனால் கண் சென்ற இடம் வேறு.

மரங்கொத்தியை வங்காளியர் 'காட்டோக்ரா' என்கின்றனர். 'காட்' என்பது மரக்கட்டை. 'டோக்ரா' என்பது கொத்துவது. ஈண்டுத் தமிழரும் வங்காளியரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே பெயரை இட்டுள்ளனர். தேன்சிட்டும் அவ்வாறே. பூவில் தேன் உண்ணும் அச்சிறு பறவையை வங்காளியர் 'மௌடுஷி' என்பர். 'மௌ' என்றால் தேன்.

2. குரலால் பெற்ற பெயர்கள்

பறவையைக் காண்பதற்கு முன்னரே அதன் குரல் காதில் விழுகிறது. ஆதலின் குரலைக் கொண்டு பெயரிடுதல் எல்லா நாட்டிலும் பழைமையான வழக்கம். தமிழில் காக்கை, வங்காளத்தில் காக். தமிழில் குயில், வங்காளத்தில் கோகில். புறா இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையை வங்காளியர் 'குகு' என்றே அழைக்கின்றனர்; அது எழுப்பும் ஒலியே அதன் பெயர். தோட்டத்து மரத்தில் விடாமல் 'டுக் டுக்' என ஒலிக்கும் சிறு பச்சைப் பறவை தமிழில் குக்குறுவான். செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டும் ஓசைபோல் அது கேட்பதால் ஆங்கிலேயர் அதனைச் செம்புக் கொல்லன் என்றனர்.

செம்பழுப்பு இறகும் கருநிற உடலும் கொண்டு புதர்களிடையே நடந்து திரியும் பறவை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அது செம்போத்து. இலங்கைத் தமிழர் அதனைச் செண்பகம் என்பர். இறகின் செந்நிறம் தமிழ்ப் பெயரில் நிற்கிறது. வங்காளியரோ அதன் ஆழ்ந்த 'கூப் கூப்' குரலைக் கேட்டுக் 'குபோ' என்றனர். ஒரு மொழி கண்ணால் பெயரிட்டது. மற்றொன்று செவியால் பெயரிட்டது.

குரலைச் சொல்லாக மாற்றிக் கேட்பதிலும் மனிதருக்கு விருப்பம் மிகுதி. கோடைக் காலத்தில் இரவும் பகலும் குரலை மேலும் மேலும் உயர்த்திக் கூவும் குயிலினப் பறவை ஒன்று உள்ளது. அதன் மூன்று அசைக் குரல் வங்காளியர் செவியில் 'சோக் கெலோ' என ஒலித்தது. 'கண் போயிற்றே' என்பது அதன் பொருள். இந்தி பேசுவோர் அதே குரலை 'பீ கஹான்' எனக் கேட்டனர். 'அன்பர் எங்கே' என்பது அதன் பொருள். மராத்தியர் 'பாவுஸ் ஆலா', அதாவது 'மழை வந்தது' எனக் கேட்டனர். வெயிலில் உறக்கம் இழந்த ஆங்கிலேயருக்கு அது 'மூளைக் காய்ச்சல்' எனக் கேட்டது. தமிழில் அப்பறவைக்கு 'அக்காக்குயில்' என்னும் பெயர் வழங்குகிறது; அக்காவை அழைக்கும் குரலாக அது தமிழ்ச் செவிக்குப் படுகிறது. பறவை மாறவில்லை; பாட்டும் மாறவில்லை. கேட்டவர் மனத்தில் இருந்ததே பெயராயிற்று.

அதற்கு உறவான மற்றொரு குயிலின் நான்கு அசைக் குரலை வங்காளியர் 'பௌ கொதா கொவ்' என்பர். 'மணப்பெண்ணே, பேசு' என்பது பொருள். நாணி வாய் திறவாதிருக்கும் புதுமணப் பெண்ணை வீட்டார் கெஞ்சுவதாக அக்குரலைக் கேட்டனர் போலும்.

3. உருவும் நிறமும் தொழிலும்

கழுத்தின் பின்புறத்தில் வெண்புள்ளிகள் நிறைந்த புறாவைத் தமிழர் புள்ளிப்புறா என்றும் மணிப்புறா என்றும் அழைப்பர். வங்காளத்தில் அது 'திலே குகு'. 'தில்' என்றால் எள். எள்ளைத் தூவியதுபோல் தோன்றும் கழுத்தைக் கண்டு இட்ட பெயர் அது.

தலையில் கருங்கொண்டையும் வாலடியில் சிவப்புத் திட்டும் உடைய பறவை தமிழில் கொண்டைக்குருவி. சில ஊர்களில் அதனைச் சின்னான் என்றும் செல்லமாக அழைப்பர். வங்காளத்தில் அது புல்புலி. 'புல்புல்' என்பது பாரசீகச் சொல். பாரசீகத்தில் அது வேறொரு பாடும் பறவையைக் குறிக்கும். இந்தியாவிற்கு வந்தபின் இப்பறவைக்கு உரியதாயிற்று. சொற்களும் பறவைகளைப்போல் இடம் பெயர்வன. 18ஆம் நூற்றாண்டில் மராட்டியக் குதிரைப்படையினர் வங்காளத்தைச் சூறையாடிய துயரத்தை நினைவூட்டும் தாலாட்டு ஒன்றை வங்கத் தாய்மார் இன்றும் பாடுகின்றனர். அதிலும் நெல்லைத் தின்னும் பறவையாகப் புல்புலி இடம்பெறுகிறது.

இலைகளை நாரால் தைத்துக் கூடு அமைக்கும் சிறு பறவை தையல்சிட்டு. வங்காளத்தில் அது 'டுன்டுனி'. உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி என்பார் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுவர் கதைநூல் இப்பறவையின் பெயரையே தாங்கியது. அரசனையும் பூனையையும் அறிவால் வெல்லும் சின்னஞ்சிறு டுன்டுனியை அறியாத வங்கக் குழந்தை அரிது. இவ்வாசிரியர் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் பாட்டனார் ஆவார்.

மீன்கொத்தியை வங்காளியர் 'மாச்ராங்கா' என்பர். 'மாச்' என்றால் மீன். பழந்தமிழில் இப்பறவைக்குச் 'சிரல்' என்று பெயர். இன்று பேச்சில் சிரல் மறைந்து மீன்கொத்தி நிலைத்துவிட்டது.

இரண்டாகப் பிளந்த நீண்ட வாலையுடைய கரிய பறவையைத் தமிழர் இரட்டைவால் குருவி, கரிச்சான், வலியன் எனப் பல பெயர்களால் வழங்குவர். தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் அஞ்சாமல் துரத்துவது அது. 'வலியன்' என்னும் பெயர் அதற்கு நன்கு பொருந்துகிறது. ஆண்டாள் அருளிய திருப்பாவையில் வரும் 'ஆனைச்சாத்தன்' இப்பறவையே என்பர். வங்காளத்தில் இதன் பெயர் 'ஃபிங்கே'.

4. மனையருகே வாழும் பறவைகள்

மனிதர் வாழும் வீட்டையே தன் வீடாகக் கொண்ட பறவை சிட்டுக்குருவி. இதற்கு ஊர்க்குருவி, மனைக்குருவி, அடைக்கலங்குருவி என்னும் பெயர்களும் உண்டு. காட்டில் வாழாமல் ஊரில் வாழ்வதால் ஊர்க்குருவி. கூரையின் இடுக்கிலும் உத்தரத்தின் மேலும் கூடு கட்டி, வீட்டாரிடம் புகலிடம் பெறுவதால் அடைக்கலங்குருவி. அடைக்கலமாக வந்ததைத் துரத்தலாகாது என்னும் அறம் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. பறவையைக் காக்க எவரும் தனியே அறிவுரை கூற வேண்டியதில்லை. பெயரைச் சொன்னாலே போதும். வங்காளத்தில் இதனைச் 'சொடுய்' என்பர்.

மைனாக்களை வங்காளியர் உற்று நோக்கிப் பெயரிட்டுள்ளனர். வீட்டு முற்றத்தில் சோற்றுப் பருக்கை பொறுக்க வருவது 'பாத் ஷாலிக்'. 'பாத்' என்றால் சோறு. ஆற்றங்கரையில் வளை தோண்டி வாழ்வது 'காங் ஷாலிக்'. 'காங்' என்றால் ஆறு. கறுப்பும் வெள்ளையும் கலந்து, மாட்டுச் சாணத்தைக் கிளறிப் புழு தேடுவது 'கோப்ரே ஷாலிக்'. 'கோபர்' என்றால் சாணம். சோறு, ஆறு, சாணம் ஆகிய மூன்று சொற்களில் மூன்று பறவைகளின் வாழிடமும் உணவும் விளங்கிவிடுகின்றன.

5. உறவுமுறைப் பெயர்கள்

ஆறேழு பறவைகள் ஒன்றாகக் கூடி, தரையில் சருகைப் புரட்டி, ஓயாமல் கலகலவெனச் சத்தமிடும் கூட்டத்தை ரவீந்திர சரோவர் ஏரிக்கரை மரநிழலில் காணலாம். தமிழ்நாட்டில் இவ்வினத்தைத் தவிட்டுக்குருவி என்பர். தவிட்டின் நிறம் அதன் நிறம். யாழ்ப்பாணத்தில் இதனைப் புலுனி என்பர். வங்காளத்தில் 'சாத்தாரே' என்றும் 'ஷாத் பாய்' என்றும் பெயர். 'ஷாத் பாய்' என்றால் ஏழு அண்ணன் தம்பியர். ஆங்கிலேயர் இதனையே ஏழு சகோதரிகள் என்றனர். அண்ணன் தம்பியரோ அக்காள் தங்கையரோ, ஒரு குடும்பம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அஃது உண்மையும் ஆகும். இக்கூட்டத்தில் தாய் தந்தையரல்லாத பறவைகளும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுகின்றன. அறிவியலாளர் பின்னர்க் கண்டு எழுதியதை ஊரார் பெயரிலேயே சொல்லி வைத்தனர்.

பொன்மஞ்சள் உடலும் கருந்தலையும் உடைய மாங்குயிலுக்குத் தமிழில் மாம்பழக்குருவி என்னும் பெயரும் உண்டு. வங்காளத்தில் அதற்கு இரண்டு அழகிய பெயர்கள் உள்ளன. ஒன்று 'பேனே பௌ'. வணிகர் வீட்டு மருமகள் என்பது பொருள். மஞ்சள் ஆடையும் கருங்கூந்தலுமாக அவளைக் கற்பனை செய்தனர். மற்றொன்று 'இஷ்டிகுடும்', உறவினர், விருந்தினர் என்பது பொருள். இப்பெயரிலுள்ள 'குடும்' என்பது தமிழில் வழங்கும் 'குடும்பம்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. இப்பறவை வீட்டருகே கூவினால் விருந்தினர் வருவர் என்பது வங்க நம்பிக்கை.

இதே நம்பிக்கை தமிழரிடமும் உண்டு. ஆனால் பறவை வேறு. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பது தமிழ்நாட்டு வழக்கு. இவ்வழக்கு மிகப் பழைமையானது. நச்செள்ளையார் என்னும் சங்கப் பெண்பாற் புலவர், விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகைப் பாடல் ஒன்றில் சிறப்பித்துப் பாடினார். அதனால் அவர் 'காக்கைபாடினியார் நச்செள்ளையார்' என்றே அழைக்கப்பட்டார். மனிதர் பறவைக்குப் பெயரிட்ட கதைகளுக்கிடையே, பறவையால் ஒரு மனிதர் பெயர் பெற்ற கதை இது.

6. பெயரால் வரும் நன்மையும் தீமையும்

பெயர் என்பது அடையாளம் மட்டுமன்று. சில வேளைகளில் அது தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது. இரவில் அலறும் ஆந்தையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'சாக்குருவி' என்று அஞ்சுவர். அது கத்தினால் வீட்டில் இறப்பு நேரும் எனக் கருதி விரட்டுவர், கல்லெறிவதும் உண்டு. வெண்முகமுடைய கூகை வங்காளத்தில் 'லொக்கி பேஞ்சா'. இலட்சுமியின் ஊர்தியாகிய ஆந்தை என்பது பொருள். அது வீட்டிற்கு வந்தால் செல்வம் வரும் என மகிழ்வர், எவரும் துரத்தமாட்டார்.

உண்மையில் கூகை சாவையும் கொணர்வதில்லை, பொற்காசையும் கொணர்வதில்லை. அதன் முதன்மையான உணவு எலி. நெல்லைத் தின்னும் எலியை அது தின்கிறது. ஆதலின் நெல்லைக் காக்கும் பறவையைத் திருமகளோடு சேர்த்து எண்ணிய வங்க உழவரின் பெயரீடு உண்மைக்கு அருகில் நிற்கிறது. தமிழ்நாட்டு உழவரும் இப்பயனை அறியாதவர் அல்லர். இரவில் ஆந்தை வந்து அமர்வதற்காக வயலில் கழி நட்டு வைப்போர் இன்றும் உள்ளனர். அச்சம் தந்த பெயரைவிட, வயல் தந்த அறிவு அவர்களுக்குப் பெரிதாயிற்று.

நல்ல பெயரும் சில வேளைகளில் தீமை தரும். நீலச் சிறகுடைய பனங்காடை, பனைமரங்களை நாடி வாழ்வதால் தமிழில் அப்பெயர் பெற்றது. வங்காளத்தில் அது சிவபெருமானின் பெயரைத் தாங்கி 'நீல்கண்டோ' எனப்படுகிறது. துர்க்கா பூசையின் இறுதி நாளாகிய விஜயதசமியன்று இப்பறவை கயிலைக்குப் பறந்து சென்று, தேவி திரும்பி வருவதைச் சிவனுக்கு அறிவிக்கும் என்பது நம்பிக்கை. அதனால் பழைய ஜமீன்தார் குடும்பங்கள் சில, வேடரிடம் இப்பறவையை விலைக்கு வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் கொண்டிருந்தன. பறக்கவிடுவது அன்பினால்தான். ஆயினும் பறக்கவிட வேண்டுமெனில் முதலில் பிடிக்க வேண்டும். வலையிலும் கூண்டிலும் துன்புற்ற பறவை பிழைப்பது அரிது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாறு பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. இன்று களிமண்ணால் செய்த நீல்கண்டோவைக் கொண்டு அச்சடங்கை நிறைவேற்றுகின்றனர். வழக்கமும் பிழைத்தது, பறவையும் பிழைத்தது.

ஒற்றை ஷாலிக்கைக் கண்டால் தீமை, இரட்டை ஷாலிக்கைக் கண்டால் நன்மை என்னும் நம்பிக்கை கொல்கத்தாப் பிள்ளைகளிடையே இன்றும் உண்டு. தேர்வுக்குச் செல்லும் காலையில் இரண்டாவது ஷாலிக்கைத் தேடும் கண்கள் பல. மைனா பெரும்பாலும் இணையோடு வாழும் பறவையாதலின், சற்றுப் பொறுத்தால் இரண்டாவதும் கண்ணில் படக்கூடும். இந்நம்பிக்கையின் உண்மைப் பயன், பறவையை நின்று பார்க்கச் செய்வதே.

7. சென்னையும் கொல்கத்தாவும் ஒரு பறவையில் சந்தித்த கதை

கறுப்பும் வெள்ளையுமாக, வாலை உயர்த்தி, விடியற்காலையில் இனிமையாகப் பாடும் பறவையைத் தமிழர் 'குண்டுக்கரிச்சான்' என்பர். வங்காளத்தில் அது 'தொயேல்'. வங்காளதேசத்தின் தேசியப் பறவையும் இதுவே; அந்நாட்டின் பழைய இரண்டு டாக்காத் தாளில் இதன் உருவம் இருந்தது.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பக்லி என்னும் ஆங்கிலேயர், இப்பறவை ஒன்றை இங்கு வழங்கிய பெயரோடு இங்கிலாந்திற்கு அனுப்பினார். அக்குறிப்பு 1713ஆம் ஆண்டில் ஜான் ரே என்பாரின் பறவை நூலில் அச்சேறியது. சில ஆண்டுகளுக்குப் பின், 1737இல், எலியேசர் ஆல்பின் என்பார் வங்காளத்திலிருந்து சென்ற இதே பறவையைத் தம் நூலில் வரைந்து, 'டயல் பறவை' எனப் பெயரிட்டார். 'தொயேல்' என்பதைப் போன்ற இந்தியப் பெயரே ஆங்கிலச் செவியில் 'டயல்' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'டயல்' என்பது நேரம் காட்டும் வட்டத்தையும் குறிக்கும். ஆகவே, இப்பறவைக்கும் சூரியக் கடிகாரத்திற்கும் தொடர்பு உண்டெனப் பலர் எண்ணினர்.

1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இப்பறவைக்கு இட்ட அறிவியற் பெயரில் 'சௌலாரிஸ்' என்னும் சொல் உள்ளது. சூரியனைக் குறிக்கும் 'சோலாரிஸ்' என்னும் இலத்தீன் சொல்லை அவர் பிழையாக எழுதிவிட்டார் என நெடுங்காலம் கருதினர். கொல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் 1841 முதல் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத் இக்கருத்தை மறுத்தார். அது பிழையன்று, 'சௌலரி' என்னும் இந்தியப் பெயரின் இலத்தீன் வடிவம், அதன் பொருள் 'நூறு பாட்டு' என அவர் விளக்கினார். சென்னையிலிருந்து சென்ற பறவையோடு சென்றது அப்பெயரே.

இவ்வாறு, பெயர் தெரியாத ஊரார் சிலர் அன்பாக இட்ட பெயர், உலக அறிவியல் நூல்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன், 1862 முதல் 1864 வரை கொல்கத்தாவில் தம் 'இந்தியாவின் பறவைகள்' நூலை வெளியிட்டார். அதில் பறவைகளின் அறிவியற் பெயர்களோடு தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளப் பெயர்களையும் குறித்து வைத்தார். உழவரும் வேடரும் சொன்ன சொற்கள் அவ்வாறு ஏட்டில் ஏறின.

ஊர்ப்பெயர்களுக்கு ஒரு குறையும் உண்டு. கரிச்சான் என்றால் இரட்டைவால் குருவி. குண்டுக்கரிச்சான் என்றால் வேறு பறவை. ஒரு பெயர் இரு பறவைகளைக் குறிக்கலாம். ஒரு பறவை பல பெயர் பெறலாம். இக்குழப்பத்தைத் தீர்க்கவே அறிவியற் பெயர் தேவைப்பட்டது. ஆயினும் அறிவியற் பெயர் பறவையைப் பிரித்தறிய உதவுமேயன்றி, அதனோடு உறவாட உதவாது. இரண்டும் வேண்டும்.

8. பெயர் மறைந்தால்

ஒரு பொருளின் பெயர் வாயிலிருந்து மறையும்போது, அப்பொருள் கண்ணிலிருந்தும் மெல்ல மறைகிறது. சிரல், பூவை, நாகணவாய் என்னும் சொற்கள் ஏட்டில் ஒடுங்கின. வெளியூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளிடையே தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தையல்சிட்டு என்னும் சொற்களும் அந்நிலையை நெருங்குகின்றன. எல்லாவற்றையும் 'பறவை' என்னும் ஒரே சொல்லால் குறிப்பவர், நூறு மனிதரை 'ஆள்' என்று மட்டும் அழைப்பவரைப் போன்றவர். அவருக்கு முகம் தெரியாது.

கொல்கத்தாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. தமிழ்ப் பெயர்களைச் சொல்லித் தரும் பாட்டி தொலைவில் இருப்பது இழப்பு. சாக்குருவி எனவும் லொக்கி பேஞ்சா எனவும் ஒரே ஆந்தையை இரு கண்களால் காண முடிவது பேறு. ஒரு மொழி அஞ்சிய இடத்தில் மற்றொரு மொழி வணங்கியது என அறிந்தவர், எப்பறவைமீதும் எளிதில் கல்லெறியமாட்டார்.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. சாணம் கிளறும் கோப்ரே ஷாலிக் தமிழ்நாட்டில் பொதுவாகக் காணப்படும் பறவையன்று. ஆதலின் தமிழ்நாட்டு ஊரார் அதற்குப் பெயரிடும் வாய்ப்பும் நேரவில்லை. அதனை நாள்தோறும் காணும் தமிழர் கொல்கத்தாத் தமிழரே. ஊர்ப்பெயர் என்பது காண்பவர் இடுவது. எனவே அப்பறவைக்கு நல்லதொரு தமிழ்ப் பெயர் இடும் உரிமை இவ்வகுப்பில் அமர்ந்திருப்போர்க்கே உரியது.

சொற்பொருள்

அடைக்கலம் – புகலிடம்
புள் – பறவை (பழஞ்சொல்)
உத்தரம் – கூரையைத் தாங்கும் மரம்
சருகு – காய்ந்து உதிர்ந்த இலை
ஊர்தி – வாகனம்
ஈண்டு – இங்கு
பேறு – பெறற்கரிய நன்மை

மரபு அறிவோம்

பறவைகளின் குரலைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. காகம் கரையும். குயில் கூவும். மயில் அகவும். ஆந்தை அலறும். கூகை குழறும். புறா குனுகும். கிளி கொஞ்சும். 'கத்தும்' என்னும் ஒரு சொல்லால் எல்லாவற்றையும் சொல்லுதல் மரபன்று.

பறவையின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை என்பவற்றைத் தொல்காப்பியம் கூறுகிறது. ஆண் பறவை சேவல். பெண் பறவை பேடை. ஆண் மயிலை மட்டும் சேவல் என்று கூறும் மரபில்லை எனவும் அந்நூல் குறிக்கிறது.

பயிற்சிகள்

அ. பொருத்துக.

1. தையல்சிட்டு – தொயேல்
2. கொண்டைக்குருவி – சொடுய்
3. சிட்டுக்குருவி – டுன்டுனி
4. குண்டுக்கரிச்சான் – மாச்ராங்கா
5. மீன்கொத்தி – புல்புலி

ஆ. பெயர் அமைந்த காரணத்தைக் குரல், நிறம், உருவம், தொழில், வாழிடம் என வகைப்படுத்துக.

குக்குறுவான், தவிட்டுக்குருவி, மரங்கொத்தி, பனங்காடை, இரட்டைவால் குருவி, அடைக்கலங்குருவி, குயில், புள்ளிப்புறா

இ. மரபுச்சொல் கொண்டு நிரப்புக.

1. விடியற்காலையில் காகம் ______________.
2. மாமரத்தில் குயில் ______________.
3. நள்ளிரவில் ஆந்தை ______________.
4. மாடத்தில் புறா ______________.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. 'பறவை', 'பாக்கி' ஆகிய சொற்கள் தரும் காரணங்கள் யாவை?
2. நச்செள்ளையார் காக்கைபாடினியார் என அழைக்கப்பட்டது ஏன்?
3. 'சௌலாரிஸ்' என்பது பிழையன்று எனப் பிளைத் எவ்வாறு விளக்கினார்?
4. 'ஷாத் பாய்' என்னும் பெயர் அப்பறவைகளின் வாழ்வோடு எவ்வாறு பொருந்துகிறது?

உ. பத்து வரிகளில் எழுதுக.

1. ஒரே குரலை ஐந்து மொழியினர் ஐந்து வகையாகக் கேட்ட செய்தியை விளக்குக.
2. 'பெயர் ஒரு பறவையைக் காக்கவும் கூடும், வருத்தவும் கூடும்.' பாடத்தில் வரும் மூன்று பறவைகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.

ஊ. செய்து பழகுக.

1. ஒரு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் சன்னலருகே நின்று, காணும் பறவைகளைக் குறித்து வருக. தமிழ்ப் பெயர், வங்காளப் பெயர், பறவை செய்துகொண்டிருந்த தொழில் என மூன்று கட்டங்கள் வரைக.
2. ஊரிலுள்ள தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எவரேனும் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவர்தம் ஊரில் வழங்கும் பறவைப் பெயர்கள் ஐந்தனைக் கேட்டு எழுதுக. அவர் கூறும் பெயர் இப்பாடத்தில் இல்லையெனில் அதனைத் திருத்தாமல் அவர் சொன்னவாறே எழுதுக. ஊர்ப்பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடுவன.
3. நரேந்திரபூர் அருகேயுள்ள சிந்தாமணி கர் பறவைகள் புகலிடத்திற்கு அல்லது ரவீந்திர சரோவருக்குப் பெற்றோருடன் சென்று வருக. குரலால் மட்டும் அறிந்த பறவைகளைத் தனியே குறிக்க.
4. கோப்ரே ஷாலிக் பறவையை உற்று நோக்குக. அதன் நிறம், குரல், நடை, உணவு ஆகியவற்றுள் ஒன்றைக் காரணமாகக் கொண்டு அதற்கொரு தமிழ்ப் பெயர் இடுக. வகுப்பில் அனைவரும் இட்ட பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, சொல்வதற்கு எளிதானதும் பறவைக்குப் பொருந்துவதுமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அன்று முதல் அப்பெயராலேயே அதனை அழைத்து வருக.